ஒன்பது நாள் தாமதம்

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் இருமல் விட்டதா? அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பிடிவாதம்தான் கட்டுக்குள் இல்லை.

ஜனவரியில் நாம் ஃபோனில் பேசியது எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும். ‘இனிமே எதுவா இருந்தாலும் எழுதிப் போடு, உன்கூட ஃபோன்ல மனுஷன் பேச முடியாது’ என்று வைத்துவிட்டாய். நான் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள், எழுதிப் போடுவதில் எனக்கென்ன கஷ்டம். எழுதிவிட்டேன், பிடி.

விஷயம் இதுதான். நீ அப்பாவுக்கு அனுப்பிய கேம் பெட்டி ஓடவில்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, உள்ளே காற்றாடி உயிர் போகிற மாதிரி இரைகிறது, இரண்டே நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிடுகிறது. டிவி நன்றாக இருக்கிறது. ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று, வேறு சுவிட்சில் செருகிப் பார்த்தாயிற்று, தலையில் தட்டிக்கூடப் பார்த்தாயிற்று.

போன வருஷம் நீ அதை அனுப்பியபோது, ‘எழுபது வயசு மனுஷனுக்கு கேம் பெட்டியா, காசக் கரியாக்காத’ என்று சொன்னேன். நான் சொன்னது தப்பு. எழுத்திலேயே கொடுக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். அம்மா போனதிலிருந்து மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத நீங்கள் இரண்டு பேரும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் நீ அங்கிருந்தும் அவர் இங்கிருந்தும் அந்தப் பெட்டி வழியாக ஒரு மணி நேரம் ஒன்றாக இருந்தீர்கள். மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஆடினீர்கள், இருந்தாலும் பரவாயில்லை. ‘உன் தம்பி படியில அவசரப்படறான்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். அந்த ஒரு வாக்கியத்தில் உன் பேச்சு வீட்டுக்குள் வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது அதுவும் போயிற்று. வாரண்டி இருக்கிறதா, யாரிடம் போவது, என்ன கேட்பது என்று எழுது. வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதானே உன் வேலை, உனக்குத் தெரியாததா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கவுன்ட்டரில் காலைத் தொங்கப்போட்டு உட்காராதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. பிப்ரவரி 15, 22, மார்ச் 1, 8. நாலு ஞாயிறு. நாலு மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணி வரைக்கும் பார்ப்பேன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளி எரியவே இல்லை. இந்த விளையாட்டும் போதும் என்று முடிவுகட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். பெட்டி கெட்டுவிட்டது என்று ஒரு வரி மெசேஜ் போட்டால் உன் விரல் தேய்ந்துவிடுமா? நீ ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டு, ‘ஆமாடா, அவருக்குப் பிடிக்கல’ என்று நீ சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை.

வாரண்டிக்கு வருகிறேன். பில்லைத் தேடி எடுத்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன். வாங்கியது போன வருஷம் மார்ச் 2. ஒரு வருஷ வாரண்டி. நீ கடிதம் எழுதியது 11ஆம் தேதி. ஒன்பது நாள் தாமதம், அக்கா. பிப்ரவரி நடுவிலேயே கெட்டுவிட்டதென்றால் உன் கையில் முழுசாகப் பதினைந்து நாள் இருந்தது. அதை என்ன செய்தாய்? ஒரு தபால் ஒரு நாள் தாமதமானால் ஊரைக் கூட்டுகிற ஆள் நீ.

பெட்டியை ஒரு நல்ல அட்டைப்பெட்டியில் வைத்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போ. என்றைக்குக் கெட்டது என்று கேட்டால் உண்மைத் தேதியைச் சொல். சீட்டு கொடுத்தால் தொலைக்காதே. முக்கியமாக அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே. அங்கேயே உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர் கேட்பார்.

பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடு. அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கிறது.

எரிச்சலுடன், அன்புடனும்,
தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

பதினைந்து நாளை என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். ஆபீஸில் தணிக்கை. அப்புறம் எனக்குக் காய்ச்சல். அப்புறம் மழை. எது உனக்குப் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அப்பா வராததே நல்லது, வந்திருந்தால் சரிபண்ணுகிறேன் என்று இன்னும் அந்த லிஃப்டுக்குள்தான் இருந்திருப்பார். என் டோக்கன் அறுபத்து நாலு. நான் உள்ளே நுழைந்தபோது முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே வைக்கலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.

கவுன்ட்டரில் இருந்தவர் பில்லைப் பார்த்த உடனே கையை விரித்துவிட்டார்.

‘மேடம், வாரண்டி முடிஞ்சிருச்சு.’

‘தெரியுது. ஆனா கெட்டது அதுக்கு முன்னாடி.’

‘எப்ப கெட்டுச்சுங்கறது இல்ல மேடம், எப்ப கொண்டு வந்தீங்கங்கறதுதான்.’

‘எங்க ஆபீஸ்ல அப்படி இல்ல. பெட்டியில போட்ட தேதிக்குத்தான் மரியாதை.’

அவருக்குப் புரியவில்லை. நான் கூரியர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அவர்கள் சரி என்றால் பார்க்கிறோம் என்றார். ஒரு படிவம் கொடுத்தார். ‘வெளியாட்கள் யாரேனும் சாதனத்தைத் திறந்தனரா’ என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கடிதத்தை நீயே எழுதிக் கொடு. அப்பா கண் மருத்துவரிடம் போய்வந்தார், கண்ணாடி நம்பர் மாறவில்லை.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். தூக்கம் கொஞ்சம் குறைவு. கேட்காதே.

தணிக்கை, காய்ச்சல், மழை. என் காதில் பூச்சுற்ற உனக்கு இதைவிட நல்ல பூ கிடைக்கவில்லையா? சரி, போனது போகட்டும்.

எனக்குப் புகார்க் கடிதம் எழுதத் தெரியாது. அதை நிராகரிக்கத்தான் தெரியும். ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அதனால் நான் எந்தக் கடிதத்தை நிராகரிக்கத் திணறுவேனோ அந்த மாதிரி ஒன்றை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியே பார்த்து எழுது. உன் கவுன்ட்டர் கோபத்தை அதில் காட்டாதே. கெஞ்சவும் கெஞ்சாதே. கெஞ்சுகிற கடிதங்களுக்கு எங்களிடம் அச்சடித்த பதில் தயாராக இருக்கும். அப்பாவின் வயதை எழுதாதே, அம்மா இல்லாததை எழுதாதே. படிப்பவன் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்துவான். நானும் அப்படித்தான் குத்துகிறேன்.

பிப்ரவரி 15ஆம் தேதியே பழுதானது என்பது இரண்டாம் பத்தி. பெட்டி இதுவரை திறக்கப்படவே இல்லை என்பது முதல் பத்தி. அதை மறந்துவிடாதே. திறக்கப்படாத பெட்டி, ஒன்பதே நாள் தாமதம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் மேலே இருப்பவர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். திறந்த பெட்டி என்றால் ஒன்பது நாள் என்ன, ஒன்பது நிமிஷம் தாமதமானாலும் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

பதிவுத் தபாலில் அனுப்பு. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தூக்கம் ஏன் குறைவு என்று கேட்காதே என்றால் கேட்கத்தான் தோன்றுகிறது. ஏன்?

கடிதத்தை அனுப்பினேன். நீ எழுதியதை அப்படியே எழுதினேன், ஒரு வரியைத் தவிர. தாளில் இடம் போதாமல் முதல் பத்தியில் ஒரு வரி விட்டுப்போயிற்று. பதில் வந்தது. ஒரே பக்கத்தில் மூன்று தடவை வருந்தியிருக்கிறார்கள். மூன்றாவது வருத்தத்துக்குக் கீழே, நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகச் சோதித்துப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடியும் மூன்று மாடி.

இப்போது நான் சொல்வதைக் கேள். பெட்டி வீட்டில் இல்லை. அப்படியும் போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். கையில் அந்தக் கன்ட்ரோலர். ஒயர் எதிலும் செருகப்படவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

‘அவனுக்கு ஃபோன் போட்டுத் தரட்டாப்பா?’ என்று கேட்டேன்.

‘எதுக்கு? அவனுக்கு வேல இருக்கும்.’

‘ஞாயித்துக்கிழமையிலயா?’

‘உனக்குத் துணி மடிக்கத் தெரியல’ என்று சொல்லி என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கி மடித்தார்.

எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, இரண்டு பேரிடமும் ஃபோன் இருக்கிறது. நடுவில் நான் ஒரு கெட்டுப்போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறேன். இந்த ஞாயிறு நீ ஃபோன் பண்ணு. எனக்காகப் பண்ணு.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்மேல் கோபம் இல்லை. ஃபோன் மட்டும் முடியாது.

அம்மா போன சேதி கேட்டு அன்றைக்கு நான் இரண்டு விமானமும் ஒரு பேருந்தும் மாறி வந்து சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன், வாடகை நாற்காலிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை முந்தின நாளே எடுத்தாயிற்று. ‘ஒரு நாள் எனக்காகப் பொறுத்திருக்கக் கூடாதாப்பா’ என்று கேட்டேன். நீயும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். ‘எல்லாரும் அவசரப்படுத்துனாங்க. நீ வருவியோ மாட்டியோ யாருக்குத் தெரியும்’ என்றார். நீ அதைக் கேட்டுவிட்டு டம்ளர் எடுக்க உள்ளே போய்விட்டாய். என்னால் அப்படி உள்ளே போக முடியவில்லை. இன்றைக்கும் அந்த வாசலில்தான் நிற்கிறேன்.

ஃபோனில் என்ன பேசுவது? சாப்பாடு ஆச்சா, மழையா வெயிலா, அதற்குப் பிறகு? அந்த வாக்கியம் வந்துவிடும். நான் கேட்பேன், அவர் மறுபடி அதையே சொல்வார். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நாங்கள் என்ன விளையாடுகிறோம் என்று நீ ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இரண்டு சுமைகூலிகள் ஒரு பெரிய சோபாவைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். ஒருவன் மேலே, ஒருவன் கீழே. அவ்வளவுதான் விளையாட்டு. ஒருவன் நின்றுவிட்டால் மற்றவன் சோபாவைப் பிடித்தபடி அதே படியில் நிற்க வேண்டும். விட்டால் உருண்டு கீழே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அப்பா ஒரு தடவைகூட விட்டதில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பார். எனக்கு அது வேண்டும் அக்கா. பெட்டியைச் சரிபண்ணிக் கொடு, வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம்.

சர்வீஸ் சென்டர் அறிக்கையின் நகல் இத்துடன். திட்டுவதையெல்லாம் ஒரே கடிதத்தில் திட்டிவிடு, தவணை முறையில் வேண்டாம்.

அக்கா

(இணைப்பு)
சாதனத்தின் முத்திரை ஏற்கெனவே உடைக்கப்பட்டுள்ளது. சில்லின் (சிப்) மேல் சூடு கடத்துவதற்காக வைக்கப்பட்டிருந்த பசை முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் அடையாளம் தெரியாத கனரக இயந்திர கிரீஸ் பூசப்பட்டுள்ளது. கிரீஸ் உருகி மின்சுற்றுப் பலகை முழுவதும் பரவியுள்ளது. காற்றாடிக்கும் அதுவே பூசப்பட்டுள்ளது. பழுது நீக்க இயலாது.


மே 14

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை.

அடையாளம் தெரியாத கிரீஸாம். உனக்கும் எனக்கும் அதன் அடையாளம் தெரியும். மஞ்சள் டப்பா, சிவப்பு மூடி. லிஃப்ட் ஏறி இறங்குகிற இரும்புத் தண்டுகளுக்குப் போடுவது. முப்பத்தேழு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலையோடு அந்த டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கதவுக் கீலுக்கு அதுதான், தையல் மெஷினுக்கு அதுதான், என் சைக்கிளுக்கும் அதுதான். இப்போது கேம் பெட்டிக்கும்.

நீ தெரிந்தே கையெழுத்துப் போட்டாய். திறக்கப்படவில்லை என்பதுதான் நம் பலம் என்று நான் இங்கே மாய்ந்து மாய்ந்து எழுதுகிறேன். தாளில் இடம் போதவில்லை என்று நீ அங்கே பூசி மெழுகுகிறாய். அந்த மேசையில் நானே இருந்திருந்தாலும் நிராகரித்திருப்பேன். வருத்தம்கூடத் தெரிவித்திருக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று சொல். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி. எதற்குத் திறந்தார்? என்னோடு ஆடப் பிடிக்கவில்லை என்றால் ஆடாமல் இருந்திருக்கலாம். எதற்கு அதை உடைக்க வேண்டும்? இதற்கு மட்டும் தணிக்கை, மழை என்று எழுதாதே.

தம்பி


மே 22

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இல்லை என்று எழுதியிருந்தாய். நானும்தான்.

சொல்கிறேன். நவம்பர் கடைசியிலிருந்து அந்த விளையாட்டில் நீ அடிக்கடி நின்றுவிடுகிறாயாம். படியில் ஒரு கால் தூக்கியபடி அப்படியே நிற்பாயாம், அப்புறம் திடீரென்று இரண்டு படி தாண்டியிருப்பாயாம். இது அப்பா சொன்னது. டிசம்பரில் ஒவ்வொரு ஞாயிறும் ஆடி முடித்ததும் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

‘என்னப்பா பண்றீங்க?’

‘நம்ம மெஷின் இழுக்குது.’

‘அவன் பக்கம் ஏதாவது இருக்கும்.’

‘லிஃப்ட் நின்னுருச்சுன்னா உள்ள இருக்கறவனயா குத்தம் சொல்லுவாங்க? மெஷின் ரூம்லதான் பாக்கணும். அவன் பாவம், அங்க சோபாவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். எவ்வளவு நேரம் அவன நிக்க வெக்கறது?’

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பெட்டியைப் பத்துத் துண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்தில் பென்சிலால் நம்பர். வருஷ சர்வீஸ் என்றார். உள்ளே பசை காய்ந்து மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது, நல்லதாகப் போட்டுவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு ஓடியது. மூன்றாவது ஞாயிறு அணைந்தது.

பதினைந்து நாளை என்ன செய்தேன் என்று கேட்டாயே. அந்தப் பதினைந்து நாளும் அவர் என் ஹேர் டிரையரை வைத்தும் காதுப் பஞ்சை வைத்தும் அந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘அவன்கிட்ட சொல்லிடாதம்மா. சரி பண்ணிடறேன்’ என்றார். அப்பா என்னிடம் கெஞ்சி நீ பார்த்திருக்கிறாயா? நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதனால் மென்று விழுங்கினேன். கையெழுத்தும் போட்டேன். இன்னொரு தடவை கேட்டாலும் போடுவேன்.

உன்னோடு ஆடப் பிடிக்காமல் உடைத்தார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு உன்னை அறையலாம் போலிருந்தது. தூரம் உன்னைக் காப்பாற்றியது.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. இழுத்தது என் பக்கம்.

நவம்பரில் எங்கள் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பவில்லை, சம்பளத்தை வெட்டினார்கள். வீட்டைக் காலிசெய்துவிட்டு ஐந்து பேர் இருக்கிற அறைக்கு வந்துவிட்டேன். என்னோடு நாலு பேர். ஆபீஸ் விலாசத்துக்கு எழுதச் சொன்னது அதனால்தான். தூக்கம் குறைவதும் அதனால்தான், ஒருவருக்கு இரவு ஷிஃப்ட், ஒருவருக்குக் குறட்டை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஆளுக்கொரு படம் பார்ப்பார்கள். என் ஆள் படியில் நிற்காமல் என்ன செய்வான்?

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. என் திரையில் எல்லாம் நிற்கும், மறுபடி ஓடும்போது அப்பா அதே படியில் சோபாவைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்த அற்ப சந்தோஷத்துக்காகவே இணைப்பைச் சரிபண்ணாமல் விட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? நான் இங்கே சந்தோஷமாக நின்றுகொண்டிருக்கிறேன், அவர் அங்கே தன் மெஷின்தான் என்னை நிற்கவைக்கிறது என்று பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

சம்பள விஷயத்தையும் அறை விஷயத்தையும் நான் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். அவர் பார்த்துக் கொடுத்த வேலையை உதறிவிட்டு வந்தவன் நான். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே.

தம்பி


ஜூலை 2

மகனுக்கு,

நான் நலம். உன் அக்காவும் நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது.

உன் அக்கா உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, அதன்மேல் என் கண்ணாடியையும் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள். காட்டாதே என்று நீ எழுதியிருந்தாய். அவள் காட்டவில்லை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். அதனால் அப்படியே எழுதுகிறேன். பெட்டி கெட்டது என் தவறு. உன் அக்கா பொய்க் கையெழுத்துப் போட்டது என் தவறு. கிரீஸ் நல்ல கிரீஸ், போட்ட இடம்தான் தவறு. பெட்டியைத் திரும்ப வாங்கி வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் கட்டடத்து லிஃப்டில் கதவு சரியாக மூடாததுதான் கோளாறு, அதையும் சொல்லிவிட்டு வந்தேன். கேட்க ஆளில்லை.

சம்பளம் குறைந்தால் குறைந்தது. எனக்கு மட்டும் குறைந்ததே இல்லையா? அதை மறைக்கிற அளவுக்கு நான் உன்னை என்ன செய்துவிட்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதே தெரிந்தது, என்ன செய்தேன் என்று.

அன்றைக்கு எல்லோரும் அவசரப்படுத்தினார்கள் என்று உன்னிடம் சொன்னேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. உன் மாமா இரண்டு தடவை கேட்டார், ‘பையன் வந்துரட்டும், நாளைக்கு வெச்சுக்கலாமே’ என்று. நான்தான் வேண்டாம் என்றேன். அவளை அப்படிப் படுக்கவைத்து இன்னும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பயந்துபோய்விட்டேன். நீ வந்து கேட்டபோது பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பழியை உன்மேல் போட்டேன். நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். வழியில் இருக்கிறாய் என்றும் தெரியும்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் இதைச் சொல்ல நினைத்தேன். நினைத்தேன் என்பது கணக்கில் வராது, தெரியும்.

நீ படியில் நின்றபோதெல்லாம் நான் பிடித்துக்கொண்டிருந்தது விளையாட்டுக்காக இல்லை.

ஐந்து பேர் இருக்கிற அறையில் ஜன்னல் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு அறை பார்.

அப்பா


ஜூலை 10

அப்பாவுக்கு,

நலம். ஜன்னல் இருக்கிறது. திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியும், காற்று வரும்.

உங்கள் கடிதத்தை அறைக்குக் கொண்டுவந்து படித்தேன். படிக்கும்போது அழுதேன். அறையில் இருந்தவர்கள் பயந்துபோய் டிவியை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

உங்களைக் கேட்பதற்கு மூன்று வருஷமாகக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்தேன். ராத்திரி முழுக்கத் தேடினேன், ஒன்றுகூடக் கையில் அகப்படவில்லை. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் பயந்திருப்பீர்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அது என் தவறு.

லீவு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை வருகிறேன். பத்து நாள் இருப்பேன். அக்காவிடம் நானே ஃபோனில் சொல்லிவிட்டேன். மூன்று நிமிஷம் பேசினோம், சண்டை வரவில்லை. கடைசியில் மட்டும், பழைய பெட்டியைத் தூக்கிப் போடவா வேண்டாமா என்பதில் கொஞ்சம் வந்தது.

பேருந்து மத்தியானம் ஒரு மணிக்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறார்கள். எப்போதும் தாமதமாகத்தான் வருகிறதாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள்.

ஆனால் காத்திருங்கள்.

உங்கள் மகன்